கையெழுத்தும் கணக்கும்

1996இல் மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. தலைவரான முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று, வந்த பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊர்களில் 2006 அக்டோபர் வரை முறையான தேர்தலே நடக்கவில்லை. பெயருக்கு ஜெயிக்க வைக்கப்பட்டவர்களும் உடனே ராஜினாமா செய்தார்கள்.

இதைச் சாதிவெறி என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். அந்த நாற்காலியோடு என்னென்ன வருகிறது என்று பாருங்கள்: கண்மாய் மீன் ஏலம், மர ஏலம், வீட்டுவரி, அரசு நிதி, டெண்டர். ஊர்ப் பணத்தின் கணக்கு யார் கையில் என்பதும்தான் சண்டை.

அந்தக் கணக்கை அரிவாள் இல்லாமலும் முடக்கலாம். ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத்தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். துணைத்தலைவர் பதவிக்கோ இடஒதுக்கீடு கிடையாது. அவர் பேனாவைத் திறக்காவிட்டால் சேரிக்கு வரவேண்டிய குடிநீர்க் குழாயும் நின்றுபோகும். பழி மட்டும் தலித் தலைவர்மேல் விழும்.

ஆகவே தோழர்களே, கிராமசபையில் வரவு செலவு வாசிக்கும்போது பணம் எங்கே என்று தலைவரிடம் கேளுங்கள், கட்டாயம் கேளுங்கள். கையெழுத்துப் போடாமல் இழுத்தடிப்பவர் யார் என்றும் சேர்த்துக் கேளுங்கள். வீட்டுவரி சேரியும்தான் கட்டுகிறது.