குமிழிக்கு ஏங்கிய காலம்

கடல் மீன் தொட்டி வச்சிருக்கிறவங்ககிட்ட பேச்சுக் கொடுத்தா சீக்கிரமே ஒரு புலம்பல் வந்துடும். "தண்ணி பூரா பொடிப்பொடியா குமிழி, சோடா மாதிரி இருக்கு, எப்படிப் போக்குறது?" வேடிக்கை என்னன்னா, 175 வருஷத்துக்கும் முன்னாடி இந்தப் பொழுதுபோக்கு ஆரம்பிச்சப்ப பிரச்சினை நேர் எதிர். தண்ணிக்குள்ள காத்தைக் கொண்டு போகத்தான் தவியாத் தவிச்சாங்க.

1846ல அன்னா தின் என்கிற சீமாட்டி, டார்க்கீ கடற்கரையில இருந்து கல் பவளங்களை ஒரு ஜாடியில போட்டு லண்டனுக்குக் கொண்டு வந்தார். (கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் பாதிரியார்.) கடல் தண்ணி தீர்ந்துக்கிட்டே வந்தது. அப்பத்தான் ஒரு யோசனை: திறந்த ஜன்னல் பக்கத்துல நின்னு, நாம டீ ஆத்துற மாதிரி, தண்ணியைப் பாத்திரம் மாத்திப் பாத்திரம் ஊத்தணும். அரை மணியில இருந்து முக்கால் மணி நேரம். ஊத்தினது யாருங்கிறீங்க? வீட்டு வேலைக்கு இருந்த சின்னப் பொண்ணு. அவளுக்கு அது விளையாட்டா இருந்ததா எஜமானியம்மா 1859ல எழுதினார். பேரைச் சொல்லல. அவளே எழுதியிருந்தா விளையாட்டுன்னு எழுதியிருப்பாளா என்பது வேற விஷயம் :-)

அப்புறம் அன்னா தின் கடல்பாசி சேர்த்துப் பார்த்தார். 1850ல ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், தங்கமீன், நீர்ச்செடி, நத்தை மூணும் ஒரே தொட்டியில சமநிலையா வாழ முடியும்னு எழுதினார். 1853ல லண்டன் மிருகக்காட்சி சாலையில பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறந்தாச்சு. 1871ல கிரிஸ்டல் பேலஸ் காட்சியகத்துல வில்லியம் ஆல்ஃபர்ட் லாயிட், தரைக்கடியில பெரிய தொட்டி கட்டி நீராவி பம்பு வச்சு தண்ணியைச் சுத்த விட்டார். வேலைக்காரப் பொண்ணோட கை வேலையை இயந்திரம் எடுத்துக்கிச்சு. 1961ல ஜகார்த்தாவின் லீ சின் எங், உயிர்ப்பாறையும் கொஞ்சம் காத்துக் குமிழியும் போதும்னு எழுதினார்.

இப்ப வீட்டுத் தொட்டியிலயே பம்பு, சம்ப், புரோட்டீன் ஸ்கிம்மர். எல்லாமே காத்தையும் தண்ணியையும் போட்டுக் கடையுது. உப்புத் தண்ணியில குமிழிகள் ஒண்ணோட ஒண்ணு சேராது, பொடியாவே நிக்கும். விட்டம் பாதியானா மேல ஏறும் வேகம் கால்பங்கு ஆயிடும். அதனாலதான் பம்பு இழுக்கிற வேகத்துல அதுங்க தொட்டிக்கே திரும்பி வருது.

வைத்தியமும் இதுலயே இருக்கு. சம்ப்ல தடுப்புக் கண்ணாடி வச்சு தண்ணியை மேலயும் கீழயும் நிதானமா போக விடுங்க, குமிழி ஏற நேரம் கிடைக்கும். பம்பு இருக்கிற அறையில தண்ணி மட்டம் குறையாம பார்த்துக்குங்க. தண்ணி விழுற இடத்துல ஃபில்டர் பை மாட்டலாம். புது ஸ்கிம்மர்னா சில நாள் பொறுங்க. முக்கியமா, பம்பு உறிஞ்சுற பக்கத்துக் குழாய் இணைப்பைப் பாருங்க. அங்க ஓட்டை இருந்தா காத்து அழுத்தத்துல அளவுக்கு மீறி தண்ணியில கரைஞ்சு, மீனோட கண்ணுலயும் துடுப்புலயும் வாயுக் குமிழி கட்டுற நோய் வரலாம். இது வெறும் அழகுப் பிரச்சினை இல்ல.

"குமிழியை எடுத்துட்டா மீன் மூச்சு விட என்ன செய்யும்?"னு கேப்பாங்க. ஆக்சிஜன் பெரும்பாலும் தண்ணியோட மேற்பரப்பு வழியாத்தான் உள்ள போகுது. மேற்பரப்பு அசைஞ்சுக்கிட்டே இருந்தா போதும், பொடிக் குமிழி போனா ஒரு நஷ்டமும் இல்ல. ஜன்னலோரம் தண்ணியை விரிச்சு விரிச்சு ஊத்தினாளே, அவ செஞ்சதும் இதேதான். மீன் தொட்டி வரலாற்றுல அன்னா தின், வாரிங்டன், லாயிட் எல்லாருக்கும் இடம் இருக்கு. முதல் ஏர் பம்புக்குத்தான் பேர் இல்லாம போச்சு.