ஆன்சன்: போர்க்களத்தில் தோற்று வகுப்பறையில் வென்ற விமானம்

இரண்டாம் உலகப் போரின் வான்படைகளைப் பற்றிப் பேசப் புகுந்தால் ஸ்பிட்ஃபயரையும் லங்காஸ்டரையும் குறிப்பிடாதவர் அரிது. அவற்றில் பறந்த இளைஞர்கள் எந்த விமானத்தில் அமர்ந்து தொழில் பயின்றார்கள் என்று நாம் பெரும்பாலும் வினவுவதில்லை. அவ்வினாவிற்குரிய விடைகளுள் ஒன்று, ஆவ்ரோ நிறுவனத்தின் ஆன்சன் என்னும் சிறிய இரட்டை எஞ்சின் விமானம்.

இது போருக்கெனப் பிறந்ததன்று. நான்கு பயணிகளை ஏற்றிச் செல்ல இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனத்திற்காக உருவான விமானமே இதன் மூலம். கடற்கரைக் கண்காணிப்புக்கென மாற்றப்பட்டு, 1935 மார்ச் 24 அன்று முதன்முறை பறந்து, 1936இல் பிரிட்டானிய விமானப்படையில் சேர்ந்தது. சக்கரங்களை உள்ளிழுக்கும் வசதி அன்று புதுமை. ஆனால் அதற்குக் கைப்பிடியை 140 முறைக்கு மேல் சுழற்ற வேண்டும். எனவே அருகிலுள்ள இடங்களுக்குச் செல்கையில் சக்கரங்களை அப்படியே தொங்கவிட்டுப் பறந்தோர் பலர்.

போர் மூண்டதும் இதன் போதாமை வெளிப்பட்டது. நார்வேக் கரைவரை சென்று திரும்ப இயலவில்லை. 1939 டிசம்பரில் ஓர் ஆன்சன், பகைவருடையது எனத் தவறாக எண்ணி, ஸ்னாப்பர் என்ற பிரிட்டானிய நீர்மூழ்கியின்மீதே குண்டு வீசியது. குண்டு நேராக விழுந்தும் மின்விளக்குகள் சில உடைந்ததே சேதம். அன்று உயிர்களைக் காத்தது அந்த விமானத்தின் வலிமையின்மைதான் என்பதை எண்ணி நாம் வியக்கிறோம்.

ஆயின் அதே மாதம் 17ஆம் நாள் ஒட்டாவாவில் கையெழுத்தான ஒப்பந்தம் இதற்கு வேறொரு வாழ்வைத் தந்தது. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் விமானப் பயிற்சிப் பள்ளிகள் பெருகின. கனடாவில் மட்டும் 1,31,000 பேருக்கு மேல் பயிற்சி பெற்றனர். விமானியும் வழிகாட்டியும் கம்பியில்லாத் தந்தியாளரும் பயின்ற பறக்கும் வகுப்பறையாயிற்று ஆன்சன். பிரிட்டனிலும் கனடாவிலுமாக ஏறத்தாழ 11,000 விமானங்கள் கட்டப்பட்டன.

அவ்வகுப்பறையிலும் மரணம் அருகிலேயே இருந்தது. 1940 செப்டம்பர் 29 அன்று ஆஸ்திரேலியாவின் பிராக்கிள்ஸ்பி ஊருக்கு மேலே இரண்டு ஆன்சன்கள் மோதி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பிணைந்துகொண்டன. மேலிருந்ததன் எஞ்சின்கள் நின்றுபோயின. கீழிருந்ததன் எஞ்சின்கள் மட்டும் ஓடின. மூவர் பாரசூட்டில் குதித்துவிட, மேல் விமானத்தில் தங்கிய 22 வயது லெனார்ட் ஃபுல்லர், பிணைந்த இரண்டையும் ஒரு புல்வெளியில் இறக்கினார். நால்வரும் பிழைத்தனர். ஃபுல்லர் பின்னர் போர்முனை சென்று மீண்டார். 1944இல் மிதிவண்டியில் செல்கையில் பேருந்து மோதி இறந்தார்.

எல்லோருக்கும் அந்த நற்பேறு வாய்க்கவில்லை. பகைவரைக் காணுமுன்னரே பயிற்சியில் மாண்டோர் ஆயிரக்கணக்கானோர். வெற்றிக் கதைகளில் அவர்களுக்கு இடமில்லை. 1968 ஜூன் வரை உழைத்து ஓய்ந்த ஆன்சனின் வரலாற்றை வாசிக்கையிலாவது அவர்களையும் நாம் நினைத்துக்கொள்ள வேண்டும்.