கேமரூன் அம்மையார் எழுதாமல் விட்ட பெயர்கள்

எங்க ஊர் ராயப்பன்பட்டியில் விடியும் முன்பே ஏலத்தோட்டத்து ஜீப்புகள் கிளம்பிவிடும். எங்க அம்மாச்சியும் அப்படி மலையேறி வேலை பார்த்தவர்தான். அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரே ஒரு போட்டோ இருக்கிறது. கூடையோடு ஒன்பது பெண்கள். பின்னால் திருப்பினால் ஒரு எழுத்து கிடையாது. அதைப் பார்த்தாலே எனக்கு ஜூலியா மார்கரெட் கேமரூன் நினைவுதான் வரும்.

1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863இல், 48 வயதில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கேமராதான் தொடக்கம். இங்கிலாந்தின் வைட் தீவில், வீட்டுக் கோழிக் கொட்டகையையே ஸ்டுடியோ ஆக்கிக்கொண்டார். ரசாயனம் பூசிய கண்ணாடித் தகடு காய்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டிய காலம் அது. எதிரே உட்கார்ந்தவர் நிமிடக்கணக்கில் அசையக் கூடாது. ஒரு பக்க வெளிச்சம், லேசான மங்கல், நெருக்கத்தில் முகம். இதுதான் அவர் பாணி. 'ஃபோகஸே சரியில்லை' என்று அன்றைய போட்டோகிராபர்கள் கேலி செய்தார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை. ஹெர்ஷல் (1867), டார்வின் (1868), கவிஞர் டென்னிசன் ஆகியோரை இன்றும் நாம் அவர் எடுத்த படங்களில்தான் பார்க்கிறோம்.

1875இல் கணவரோடு இலங்கைக்குக் குடிபோனார். குடும்பத்துக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. அன்று இலங்கை மலைத்தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் நம் பக்கத்திலிருந்து கடல் தாண்டி, காடு வழியே நடந்துபோன தமிழர்கள். தோட்டத் தொழிலாளர்களையும் ஊர்க்காரர்களையும் அவர் படமெடுத்தார். அவற்றில் 30க்கும் குறைவானவையே இன்று மிஞ்சியிருக்கின்றன. 1879இல் அங்கேயே இறந்தார். கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது.

அந்த முகங்களை அவர் அலட்சியமாக எடுக்கவில்லை. ஆனால் டார்வினுக்குப் பெயர் உண்டு, இவர்களுக்கு இல்லை. 1878இல் எடுத்த ஒரு படத்தின் தலைப்பு 'களுத்துறைக் குடியானவர்கள்'. அதில் இருக்கும் சிறுமியின் வயதையும் முதியவரின் வயதையும்கூட எழுதிவைத்தவர், பெயரை எழுதவில்லை. இனி யாரைப் போய்க் கேட்பது?

போன மாதம் அம்மாச்சியை உட்காரவைத்து, போட்டோவைக் கண்ணருகே பிடித்துக் கேட்டேன். ஏழு பேரைச் சொல்லிவிட்டார். பென்சிலால் பின்னால் எழுதிவைத்தேன். மீதி இரண்டு பேரை, "மூஞ்சி தெரியுது, பேரு வரமாட்டேங்குதுய்யா" என்றார்.

உங்க வீட்டுப் பெட்டியிலும் இப்படி ஒரு போட்டோ இருக்கும். சொல்வதற்கு ஆள் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்க.