பதினாறு பசுவும் ஒரு டாலரும்

போன வருஷம் ஒரு பௌர்ணமி இரவு. கிரிவலப் பாதையில் வாயு லிங்கத்துக்குப் பக்கத்தில், பின்னாலிருந்து ஓடிவந்த ஒரு பையன் என் அத்தையை இடித்துத் தள்ளிவிட்டான். மணிக்கட்டு முறிந்தது. “நீங்கதான் திடீர்னு நின்னீங்க” என்றான். “பின்னாடி வர்றவன்தானேப்பா பாத்து வரணும்” என்றாள் அத்தை.

அத்தை சொன்னது பனிச்சறுக்கு உலகத்தின் சட்டம். சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 1967இல் வகுத்த நடத்தை விதிகளில் ஒன்று: பின்னால் வருபவர் முன்னால் போகிறவருக்கு ஆபத்து வராத வழியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். 2016இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு சரிவில் நடிகை க்வினெத் பால்ட்ரோவும் இன்னொருவரும் மோதிக்கொண்டார்கள். வழக்கே யார் பின்னால் வந்தார் என்பதுதான். அந்த மனிதர் மூன்று லட்சம் டாலருக்கு மேல் கேட்டார். 2023 மார்ச்சில் ஜூரி அவர்மீதே தவறு என்றது. பால்ட்ரோ நஷ்ட ஈடாகக் கேட்டிருந்தது ஒரு டாலர். அதுவே கிடைத்தது.

நம்ம ஊரில் பனி இல்லை. ஆனால் இந்தக் கேள்வி பழையது. திருவண்ணாமலை மாவட்டம், தேசூர் பக்கம் சீயமங்கலம். முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த தூணாண்டார் கோயில் அங்கே இருக்கிறது. 1900இல் கல்வெட்டுத் துறை அங்கே படியெடுத்த சோழர் காலக் கல்வெட்டு ஒன்று ஒரு விபத்தைச் சொல்கிறது. ஒருவன் எய்த அம்பு தவறி, அவன் ஊர்க்காரன் ஒருவனே செத்துப்போனான். நாட்டார் கூடினார்கள். கவனக்குறைவால் நேர்ந்த குற்றத்துக்கு இவன் சாக வேண்டாம், கோயிலில் விளக்கெரிக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். அவன் 16 பசுக்களைக் கொடுத்தான். அவற்றின் பாலில் எடுத்த நெய்யில் விளக்கு எரிய வேண்டும்.

திருவாரூர்க் கதையில் மனுநீதிச் சோழன் கன்றுக்காக மகனையே தேர்க்காலில் இட்டான். சீயமங்கலத்தில் கூடியவர்கள் அப்படிச் செய்யவில்லை. வேண்டுமென்றே கொல்வது வேறு, கைதவறிக் கொல்வது வேறு என்று பிரித்தார்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் கவனக்குறைவால் நேரும் மரணத்துக்கென்று 304ஏ பிரிவு சேர்ந்தது 1870இல்தான். அதிகபட்சம் இரண்டு வருஷச் சிறை. 2024 ஜூலை முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு அதை ஐந்தாக்கியிருக்கிறது.

கோயில் விளக்குக்குக் கொடுத்த கால்நடைகளைக் கல்வெட்டுகள் ‘சாவா மூவா’ என்று சொல்லும். ஒன்று செத்தால் இன்னொன்றை ஈடு வைத்து எண்ணிக்கையைக் காக்க வேண்டும். தண்டனையும் அப்படித்தான், தீராதது. எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனாலும் உறுத்துகிறது. பசு போனது கோயிலுக்கு. செத்தவன் வீட்டு அடுப்பு எதில் எரிந்தது?

இன்றும் அந்த உறுத்தல் தீரவில்லை. வண்டி மோதினால் நஷ்ட ஈட்டுக்கென்று தனித் தீர்ப்பாயம் இருக்கிறது. ஆள்மேல் ஆள் மோதினால் உரிமையியல் நீதிமன்றம்தான். ஒரு மணிக்கட்டுக்காக யார் அங்கே போவார்கள்?

அத்தை போகவில்லை. அந்தப் பையன்தான் ஆட்டோ பிடித்து எங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான், மாவுக்கட்டு போடும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அடுத்த பௌர்ணமிக்குப் போன் செய்து, “கை எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டான். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.