வட்டி வீதமும் வங்கிப் பங்கும்



வரலாறு என்றவுடன் முடியும் போரும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயின், வட்டி ஒரு சதவீதம் ஏறுவதற்கும் இறங்குவதற்கும்கூட வரலாறு உண்டு. அதனை எனக்கு உணர்த்திய ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குகிறேன்.

2013-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஒரு காலை. பள்ளிக்குச் செல்லத் தாம்பரம் இரயில் நிலையத்தில் மின்சார வண்டிக்காகக் காத்திருந்தேன். என்னுடன் பணியாற்றிய கணக்கு ஆசிரியர், கையில் செய்தித்தாளுடன் முகம் வாடி நின்றார். அவ்வாண்டுத் தை மாதத்தில் நடக்கவிருந்த மகளின் திருமணத்திற்கென்று சேர்த்த பணத்தில் பாதியை அவர் வங்கிப் பங்குகளில் போட்டிருந்தார். "வட்டிதானே வங்கியின் வருமானம்? வட்டி ஏறியிருக்கிறது, பங்கின் விலை ஏன் ஐயா இறங்கிவிட்டது?" என்று கேட்டார். அன்று எனக்கு விடை தெரியவில்லை. பின்னர்த் தேடிக் கற்றதையே இன்று உங்களிடம் கூறுகிறேன்.

சென்னை, வங்கித் தொழிலில் பழமையான நகரம். 1843-இல் மதராஸ் வங்கி இங்கே தோன்றியது. 1906-இல் அர்பத்நாட் கம்பெனி வீழ்ந்து பல குடும்பங்களின் சேமிப்பு அழிந்தது. அதற்கு அடுத்த ஆண்டே இந்தியன் வங்கி பிறந்தது. 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி எழுந்தது. 1935-இல் தொடங்கிய ரிசர்வ் வங்கி, அவ்வாண்டு நவம்பரில் தன் வங்கி வீதத்தை 3 சதவீதமாக்கிற்று. 1951 நவம்பர் வரை, பதினாறு ஆண்டுகள், அது அசையவே இல்லை! 1969-இல் பதினான்கு வங்கிகள் நாட்டுடைமையானபோது, நான் கூறிய இரு சென்னை வங்கிகளும் அவற்றுள் அடங்கின. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 2000-த்திலும், இந்தியன் வங்கி 2007-இலும் மீண்டும் பொதுமக்களுக்குப் பங்குகளை விற்றன. அதன் பின்னரே, வட்டியின் ஒவ்வோர் அசைவும் அப்பங்குகளின் விலையில் தெரியலாயிற்று.

அஃது எவ்வாறு? ஆண்டுக்கு 7 ரூபாய் வட்டி தரும் 100 ரூபாய்க் கடன் பத்திரம் ஒன்று வங்கியிடம் இருப்பதாகக் கொள்வோம். சந்தையில் வட்டி 8 சதவீதமாக ஏறுகிறது. 8 ரூபாய் தரும் புதுப் பத்திரம் கிடைக்கும்போது பழையதை 100 ரூபாய்க்கு யார் வாங்குவார்? அஃது ஓராண்டில் முதிர்வதாயின் அதன் விலை ஏறக்குறைய 99 ரூபாய் 7 காசு. என்றுமே முதிராத பத்திரமாயின் விலை 87 ரூபாய் 50 காசுதான். காலம் நீள நீள இழப்பும் வளர்கிறது.

2013 ஜூலை 15 அன்று, சரிந்துவந்த ரூபாயைக் காக்க, வங்கிகள் அவசரத்திற்குப் பெறும் கடனின் வட்டியை ரிசர்வ் வங்கி 8.25 சதவீதத்திலிருந்து 10.25 ஆக்கிற்று. அந்நாளில் வங்கிகள் தம் வைப்புத் தொகையில் நூற்றுக்கு 23 பங்கைப் பெரும்பாலும் அரசாங்கப் பத்திரங்களில் வைத்திருத்தல் சட்டம். பத்திரங்களின் விலை வீழ்ந்தது. வங்கிப் பங்குகளும் உடன் வீழ்ந்தன.

அவ்வாறாயின் வட்டி ஏறினால் பங்கு இறங்கும் என்று விதி எழுதிவிடலாமா? கூடாது. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ வட்டி 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆக ஏறியது. அப்போது நம் வங்கிப் பங்குகள் பெரும்பாலும் உயர்ந்தன! காரணம் யாது? 2019 அக்டோபர் முதல் வழங்கிய புதிய வீட்டுக் கடன்களின் வட்டி ரெப்போ போன்ற வெளி அளவுகோலுடன் பிணைக்கப்பட்டிருந்தது. கடன் வட்டி விரைந்து ஏறிற்று. வைப்பு வட்டி மெல்ல ஏறிற்று. இடைவெளி இலாபமாயிற்று. அதே வேளையில் அமெரிக்காவில் சிலிக்கான் வேலி வங்கி 2023 மார்ச்சில் வீழ்ந்தது. கேட்டவுடன் தரவேண்டிய வைப்புப் பணத்தை அது நெடுங்காலப் பத்திரங்களில் முடக்கியிருந்தது. வைத்தவர் கேட்டனர், பத்திரங்களை நட்டத்தில் விற்க நேர்ந்தது.

ஆகவே, வட்டி ஏறிற்றா இறங்கிற்றா என்று கேட்பது மட்டும் போதாது. வங்கியின் பணம் எத்தனை காலத்திற்கு வந்தது, எத்தனை காலத்திற்குச் சென்றது என்று கேளுங்கள்.

என் நண்பர் அந்த வாரமே பங்குகளை விற்று, குறைந்த தொகைக்குக் கடன் வாங்கித் தை மாதத்தில் மகளின் மணத்தை முடித்தார். ஆறு மாதத்தில் வேண்டிய பணத்தை, ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய இடத்தில் அவர் வைத்திருந்தார். பெரிய வங்கியைச் சாய்த்ததும் எளிய ஆசிரியரை வருத்தியதும் ஒரே பிழைதான். நாளை நீங்கள் பொருளீட்டும்போது இதனை மறவாதீர்கள்.