உப்புக்காற்றில் ஓடும் பழைய ஜீப்புகள் - கிழக்குக் கரையின் ஒரு வாகன வரலாறு

அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் நோக்கிச் செல்லும் ஏ-4 நெடுஞ்சாலை தம்பிலுவில், திருக்கோவில், விநாயகபுரம் ஆகிய ஊர்களைக் கடந்து தெற்கே இறங்குகிறது. சாலைக்குக் கிழக்கே கடல். மேற்கே திரும்பினால் சாகாமம், கஞ்சிகுடிச்சாறு என்று குளங்களும் வயல்களும் காடுமாக நிலம் விரிகிறது. மாரி காலத்தில் அங்கு செல்லும் மண்பாதைகள் சேறாகிவிடும். விதைநெல்லையும் உரத்தையும் வயலுக்கு ஏற்றிச் செல்ல உழவு இயந்திரத்தை விட்டால் நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஜீப்தான் கைகொடுக்கும். அந்த ஜீப் பெரும்பாலும் புதியதாக இராது. ஓட்டுபவரைவிட வயதில் மூத்த வாகனங்கள் இப்பகுதியில் இன்றும் உழைத்துக் கொண்டிருக்கின்றன.

பழைய வாகனம் வாங்க வருபவர் முதலில் பார்ப்பது தூரமானியைத்தான். பயனற்ற பார்வை அது. பழைய லான்ட்ரோவரின் தூரமானியில் முழு மைல்களைக் காட்டுவன ஐந்து இலக்கங்களே. ஓர் இலட்சம் மைல் ஓடியதும் அது மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கிவிடும். இரண்டாம் சுற்றா, நான்காம் சுற்றா என்பதை அது சொல்லாது. அத்தகைய வாகனத்தின் உண்மையான வயதைத் தீர்மானிப்பவை வேறு மூன்று: நாட்டின் இறக்குமதிக் கொள்கை, பழுது பார்த்த கைகள், கடலின் உப்பு. இம்மூன்றின் வரலாற்றையும் அறியாமல் வாங்குபவர் ஒரு போக நெல்லின் வருமானத்தையோ மனைவியின் நகையையோ இழக்க நேரும்.

இந்த வரலாறு இரண்டாம் உலகப் போரில் தொடங்குகிறது. அமெரிக்க இராணுவத்திற்காக வில்லிஸ், போர்ட் ஆகிய இரு நிறுவனங்களும் 1941 முதல் 1945 வரை ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளை உற்பத்தி செய்தன. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தமது தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைக் கண்டிக்கு மாற்றியபோது இலங்கையின் சாலைகள் இராணுவ வாகனங்களால் நிறைந்தன. "ஜீப்" என்ற சொல் நம் பேச்சுவழக்கில் நிலைபெற்றது இக்காலத்தை ஒட்டித்தான். பின்னாளில் எந்த நிறுவனம் தயாரித்த காட்டுவழி வாகனமாயினும் நம்மவருக்கு அது ஜீப்பே ஆயிற்று.

போர் முடிந்தபின் பிரிட்டனின் ரோவர் நிறுவனத்தைச் சேர்ந்த மொரிஸ் வில்க்ஸ், தம் பண்ணையில் வைத்திருந்த பழைய வில்லிஸ் ஜீப்பை முன்மாதிரியாகக் கொண்டு ஒரு வாகனத்தை உருவாக்க முனைந்தார். 1948 ஏப்ரல் 30ஆம் திகதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லான்ட்ரோவர் அறிமுகமாயிற்று. அப்போது பிரிட்டனில் உருக்குத் தட்டுப்பாடு. ஆகவே அடிச்சட்டத்தை உருக்கினால் செய்து, மேலுடலின் பெரும்பகுதியை அலுமினியக் கலவையால் அமைத்தார்கள். தட்டுப்பாட்டின் காரணமாக எடுக்கப்பட்ட இந்த முடிவு, பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் நமது கடற்கரையில் ஒரு நன்மையையும் ஒரு தீமையையும் விளைவித்தது. அதனைப் பின்னர் கூறுகிறேன்.

லான்ட்ரோவர் பிறந்த மறு ஆண்டே, 1949இல், கல்லோயா அபிவிருத்திச் சபை சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டது. இங்கினியாகலையில் அமெரிக்க நிறுவனமான மொரிசன்-நுட்சன் அணையைக் கட்டியது. காடு வெட்டப்பட்டது, வாய்க்கால்கள் நீண்டன, குடியேற்றங்கள் எழுந்தன. இத்திட்டம் இப்பிரதேசத்தின் இனப்பரம்பலை எவ்வாறு மாற்றியது என்பது பற்றி ஏராளமாக எழுதப்பட்டுள்ளது. இங்கு நாம் கவனிக்க வேண்டியது, சாலை இல்லாத நிலத்தில் வேலை செய்வதற்கு அரசுக்கு ஜீப் தேவைப்பட்டது என்பதே. நில அளவையாளர், நீர்ப்பாசனப் பொறியியலாளர், வனத்துறை அதிகாரி எனப் பலரும் அதில் வந்திறங்கினர். 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டதும் இத்தேவை மேலும் பெருகியது. அரச திணைக்களங்கள் கழித்துவிட்ட வாகனங்கள் ஏலத்திற்கு வரும். அவற்றை எடுத்தவர்கள் போடிமார், அரிசி ஆலைக்காரர், மர வியாபாரிகள் ஆகியோர். கரையோரத்தில் தனியார் கைக்கு ஜீப் வந்து சேர்ந்த வழிகளுள் இது முக்கியமானது.

அவ்வாறு வந்த வாகனங்களின் இலக்கத் தகட்டிலேயே நாட்டின் அரசியல் எழுதப்பட்டிருந்தது. 1958க்கு முற்பட்ட வாகனங்கள் ஆங்கில எழுத்துகளைக் கொண்டவை. 1958 ஜனவரியில் சிங்கள "ஸ்ரீ" எழுத்து நடைமுறைக்கு வந்தது. தமிழரசுக் கட்சி அதனை எதிர்த்துத் தகடுகளில் தமிழ் எழுத்தைப் பொறிக்கும் இயக்கத்தை நடத்தியது. பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம் அவ்வாண்டு ஏப்ரலில் கைவிடப்பட்டது; மே மாதத்தில் வன்செயல்கள் மூண்டன. ஓர் எழுத்துக்காக மூண்ட பகை எங்கு போய் முடிந்தது என்பதை நாமறிவோம். 2000ஆம் ஆண்டளவில் மீண்டும் ஆங்கில எழுத்துகளுக்கே தகடுகள் திரும்பின. ஆயினும் பழைய வாகனத்தின் இலக்கம் அதன் ஆயுள் முழுவதும் மாறுவதில்லை. ஆகவே இன்று சந்தைக்கு வரும் ஒரு பழைய ஜீப்பின் பிறப்புக் காலத்தை, தூரமானியைவிட அதன் தகடே நேர்மையாகச் சொல்லும்.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. 1970 முதல் 1977 வரையிலான ஆட்சியில் அவை உச்சத்தை எட்டின. புதிய வாகனம் கனவாயிற்று. உதிரிப்பாகம் கிடைப்பதும் அரிதாயிற்று. இந்த மூடிய காலமே நமது கராஜ்களின் பொற்காலம் என்பது முரணாகத் தோன்றலாம். ஆனால் உண்மை அதுதான். தேய்ந்த அச்சைக் கடைசல் இயந்திரத்தில் சீராக்கினார்கள். ஒடிந்த வில்தகட்டைக் கொல்லுலையில் காய்ச்சி வளைத்தார்கள். உள்நாட்டு இறப்பரில் புஷ்களை வார்த்தார்கள். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் இத்தொழிலில் தேர்ந்தவர்களுள் முஸ்லிம்கள் பலர். வாகனச் சொந்தக்காரர் திருக்கோவில் தமிழராயிருப்பார். பழுது பார்ப்பவர் அக்கரைப்பற்று நானாவாயிருப்பார். பழைய உதிரிப்பாகம் வருவது கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து. ஓர் இயந்திரம் ஓடுவதற்கு மூவினத்தாரும் தேவைப்பட்டனர்.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் ஜப்பானிய வாகனங்கள் பெருகின. டொயோட்டா லான்ட் குரூசரும், வில்லிஸ் உரிமத்தின் கீழ் 1953 முதல் தயாரிக்கப்பட்டு வந்த மிட்சுபிஷி ஜீப்பும் பிரபலமாயின. பழைய லான்ட்ரோவர்களும் சும்மா கிடக்கவில்லை. அவற்றின் பெற்றோல் எஞ்சின்களைக் கழற்றிவிட்டு, ஜப்பானிலிருந்து வந்த பாவித்த டீசல் எஞ்சின்களைப் பொருத்தினார்கள். பிரித்தானிய உடலுக்குள் ஜப்பானிய இதயம்! எரிபொருட் செலவு குறைந்தது. உதிரிப்பாகம் எளிதிற் கிடைத்தது.

பின்னர் போர் வந்தது. 1985இலும் 1990இலும் தமிழ் ஊர்களுக்கும் முஸ்லிம் ஊர்களுக்கும் இடையே நிகழ்ந்த வன்செயல்கள் நான் மேலே சொன்ன சங்கிலியை அறுத்தன. சில கல் தொலைவிலுள்ள கராஜுக்குப் போவதே உயிராபத்தான காலங்கள் இருந்தன. இரவில் ஜீப் ஒலி கேட்டால் வீடுகளில் விளக்கணைத்த தலைமுறை ஒன்று இங்குண்டு. யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தடை செய்யப்பட்டபோது ஒஸ்டின், மொறிஸ் கார்களைச் சில துளி பெற்றோலில் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குறைந்த அமுக்க விகிதம் கொண்ட பழைய எஞ்சின்களாதலால் அது இயன்றது. ஆனால் மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலுடன் கலந்து அதனை நீர்க்கச் செய்யும். உலக்கைகளில் கரி படியும். அத்தகைய வரலாறு உள்ள வாகனத்தை வெளிப்பூச்சை மட்டும் பார்த்து மதிப்பிட முடியாது.

2004 டிசம்பர் 26இல் கடற்கோள் வந்தது. இலங்கையில் மிக அதிகமான உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்திலேயே நிகழ்ந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மனித இழப்பின் முன் வாகனத்தைப் பற்றிப் பேசுவது அற்பமாகத் தோன்றலாம். எனினும் எஞ்சியோரின் பிழைப்பு அவற்றில் தங்கியிருந்தது. கடல்நீரில் மூழ்கிய வாகனத்தை எத்தனை முறை கழுவினாலும் அடிச்சட்டத்தின் உட்புறத்தில் உப்பு தங்கிவிடும். வெளியே பளபளக்கும், உள்ளே அரித்துக்கொண்டேயிருக்கும்.

முன்பு சொன்ன அலுமினிய உடலின் கதையை இங்கே தொடரலாம். அலுமினியம் உருக்கைப் போலத் துருப்பிடிப்பதில்லை. அதனால்தான் அறுபது ஆண்டு கடந்த லான்ட்ரோவரின் மேலுடல் இன்றும் தாக்குப்பிடிக்கிறது. இது நன்மை. ஆனால் அலுமினியமும் உருக்கும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் உப்பு ஈரம் படிந்தால், அது சிறியதொரு மின்கலம் போலச் செயற்பட்டு அலுமினியத்தைத் தின்னும். அலுமினியம் வெண்பொடியாக உதிரும். உள்ளிருக்கும் உருக்குச் சட்டமோ தன் பங்குக்குத் துருப்பிடிக்கும். இது தீமை. இணைப்புகளுக்கிடையில் இறப்பர் அல்லது பிளாஸ்டிக் வளையங்களை இட்டு உலோகங்கள் தொடாதவாறு செய்வதே இதற்குரிய காப்பு.

ஆகவே கரையோரத்தில் பழைய ஜீப் வாங்குவோர் முதலில் வண்டிக்கு அடியிற் படுத்துப் பார்க்க வேண்டும். அடிச்சட்டத்தை ஒரு சிறு சுத்தியலால் முழு நீளத்துக்கும் தட்டுங்கள். நல்ல உருக்கு கணீரென்று ஒலிக்கும். அரித்த உருக்கு மந்தமாக ஒலிக்கும். பின் குறுக்குச் சட்டம், வில்தகடு பொருந்தும் இடங்கள், காலடித் தளத்தின் முன்சுவர் ஆகியவை முதலில் கெடுபவை. புதிதாகத் தார் பூசியிருந்தால் ஐயுறுக. எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் கிளப்பச் சொல்லுங்கள். நீலப்புகை ஒயில் எரிவதையும், நீங்காத கரும்புகை எரிபொருள் சரியாக எரியாததையும், சூடேறிய பின்னும் தொடரும் வெண்புகை பெரும்பாலும் குளிரூட்டும் நீர் உட்புகுவதையும் காட்டும். ஒயில் மூடியின் உட்புறம் பாலாடை போலிருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். நான்கு சக்கர இழுவையைச் சேற்றில் இட்டு ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது புத்தகம். பதிவுப் புத்தகத்திலுள்ள சேசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வாகனத்தில் உள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். எஞ்சின் மாற்றப்பட்டிருப்பின் அது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். செத்துப்போன ஒரு வாகனத்தின் புத்தகத்தை வைத்துக்கொண்டு, தீர்வை செலுத்தாத பாகங்களைப் பொருத்தி வேறொரு வாகனத்தை நடமாட விடும் மோசடி நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. அகப்பட்டால் வாகனம் பறிமுதலாகும், இழப்பு வாங்கியவருக்கே.

வாங்கிய பின் செய்ய வேண்டியவை எளியவை; தவறாமற் செய்வதே கடினம். கடற்கரையிலோ உவர்நீரிலோ ஓடினால் அன்றே நன்னீரால் அடிப்புறத்தைக் கழுவ வேண்டும். கிறீஸ் இடும் முனைகளுக்குக் காலந்தவறாது கிறீஸ் இட வேண்டும். ஆழமான நீரைக் கடந்தால் கியர்பெட்டியினதும் அச்சுப் பெட்டிகளினதும் ஒயிலைச் சோதிக்க வேண்டும்; வெண்மை கலந்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். டீசல் வடிகட்டியில் சேரும் நீரை அவ்வப்போது வெளியேற்ற வேண்டும்.

2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாத நிலைக்கு வந்தது; எரிபொருள் பங்கீடாயிற்று. தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அதுவும் கடும் வரிகளுடன். இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய வாகனத்தின் விலை, வாங்கிய விலையை மிஞ்சி ஏறிய விந்தையைக் கண்டோம். 1970களின் பாடத்தை நாடு மறுபடியும் படித்தது. ஆனால் அன்று அந்தப் பாடத்தைச் செய்து காட்டிய கைகளுள் பல இன்று இல்லை. அவர்கள் எதையும் எழுதி வைக்கவில்லை. அவர்களது பிள்ளைகளுள் பலர் மத்திய கிழக்குக்குப் போய்விட்டார்கள்.

ஆதலால் பழைய ஜீப் வாங்க நினைக்கும் இளைஞருக்கு நான் கூறுவது, வாகனத்தைத் தெரிவு செய்யுமுன் அதனைச் சீர்செய்யும் மனிதரைத் தெரிவு செய்யுங்கள் என்பதே. அவர் எந்த ஊரார், எந்த மதத்தார் என்று பாராதீர்கள். அவர் வேலை செய்யும்போது அருகிலிருந்து பார்த்துக் கேட்டு எழுதி வையுங்கள். புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள்: உங்கள் தந்தையாரோ பாட்டனாரோ வைத்திருந்த ஜீப்பின் பழைய படமோ, பதிவுப் புத்தகமோ, கராஜ் பற்றுச்சீட்டோ உங்களிடமிருந்தால் எறிந்துவிடாதீர்கள். நம் கரையோரத்துத் தொழில் வரலாற்றுக்கு எஞ்சியிருக்கும் சான்றுகள் அவையே.