மச்சான் (விளிப்பெயர்)

மச்சான் என்பது மாமன் மகன், மாமி மகன், மனைவியின் சகோதரன், சகோதரியின் கணவன் ஆகியோரைக் குறிக்கும் உறவுப்பெயராகும். உறவேதுமற்ற ஆண்கள் நெருக்கம் பற்றி ஒருவரையொருவர் அழைக்கும் பேச்சுவழக்குப் பெயராகவும் அது வழங்குகிறது. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் இவ்விரு வழக்குகளும் அருகருகே நிலவுவதால், அழைப்பவர் யார், அழைக்கப்படுபவர் யார் என்பதைக் கொண்டே பொருள் துணியப்படும்.

இப்பகுதியில் உறவுப்பொருள் மங்காதிருப்பதற்குக் குடிமுறையே முதற்காரணம் எனலாம். குடி என்பது தாய்வழியாக வரும் குலப்பிரிவு. பிள்ளைகள் தாயின் குடியைச் சேர்வர், ஒரே குடிக்குள் மணம் கொள்ளும் வழக்கமில்லை. தாயின் சகோதரி மக்கள் ஒரே குடியினராதலின் உடன்பிறந்தாராகவே கொள்ளப்படுவர்; தாய்மாமன் மகனோ அவனுடைய தாயின் குடியையும், தந்தையின் சகோதரி மகன் தந்தையின் குடியையும் சார்வதால், மச்சான் எனப்படுபவன் ஒரு பெண்ணுக்கு மணமுறையுள்ளவனாகிறான். ஆகவே பெண்ணொருத்தி அவ்வாறு அழைப்பது வெறும் செல்லப்பேச்சன்று. மணமான பின்னும் கணவனை அப்பெயராலேயே அழைப்பதுண்டு. தாய்வழிக் குடிமுறை தமிழரோடு முஸ்லிம்களுக்கும் பொதுவானது என்பதை, அக்கரைப்பற்றில் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். இரு சமூகத்தாரின் நாட்டார் கவிகளிலும் காதலன் மச்சானாகவும் காதலி மச்சியாகவும் வருகின்றனர். சென்னைப் பேச்சில் அதே 'மச்சி' ஆண் நண்பனைக் குறிப்பது இங்குள்ளோருக்கு வேடிக்கையாகவே தோன்றக்கூடும்.

நட்புப்பொருள் இவ்வுறவின் இயல்பிலிருந்தே கிளைத்ததாகக் கொள்ளலாம். அண்ணன் என்ற சொல் மரியாதையைக் கோருவது. மச்சான் முறையிலோ கேலிக்கு இடமுண்டு, வயது வேற்றுமையும் பெரிதாகப் பாராட்டப்படுவதில்லை. தமிழிலிருந்து சென்றதாகக் கருதப்படும் 'மச்சங்' என்னும் சிங்கள வடிவம் இன்று இலங்கை முழுவதிலும் தோழமை விளியாகப் பரவியிருக்கிறது. ஜெர்மனிக்குச் செல்வதற்காகக் கைப்பந்தாட்ட அணியாக வேடமிட்ட இலங்கை இளைஞரைப் பற்றி உபெர்ட்டோ பசோலினி இயக்கிய 2008ஆம் ஆண்டுத் திரைப்படத்துக்கும் இச்சொல்லே பெயராயிற்று. மலேசியாவில் 'மச்சா' என்னும் வடிவத்தைப் பிற இனத்தாரும் தமிழரை அழைக்கக் கையாளுகின்றனர்.

எனினும் இவ்விளிக்கு எல்லையுண்டு. மூத்தோரிடத்தும் ஆசிரியரிடத்தும் அது பொருந்தாது. முன்பின் அறியாத ஒருவரைச் சச்சரவின்போது அவ்வாறு அழைப்பது, அவருடைய சகோதரியை இழுத்துப் பேசிய வசவாகவே கொள்ளப்படும்.